வலப்பக்கம் சாயும்

நீதிமன்றம் அனுப்பிய ஆள் நான்.
வீட்டை வேறொருவர் அளந்துவிட்டார்,
படகை இன்னொருவர்.
எனக்கு மிஞ்சியது ஏரிக்கரைக் கொட்டகை,
நவம்பர் ஈரம்,
போர்வைக்கடியில் ஒரு மோட்டோ குஸ்ஸி கலிபோர்னியா.

போர்வையின் ஒரு முனையை நீவெஸ் பிடித்தாள்,
மறுமுனையை டூலியோ.
மடிப்பதற்காக
நான்கு எட்டு கிட்ட வந்தார்கள்.
விளிம்போடு விளிம்பு சேர்ந்ததும்
ஆளுக்கொரு சுவர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

நிறம்: கறுப்பு.
தொட்டியின் இருபுறமும் கழுகு.
இடதுகழுகுக்குச் சிறகின் நுனி இல்லை.
"பெல்லானோவில் இவர் கீழே போட்டது."
"நிறுத்தியிருந்தேன். தானாக விழுந்தது."
அந்தப் பக்கத்தாங்கியின் குணம் எனக்குத் தெரியும்,
இருவரையும் நம்பினேன்.

எஞ்சினுக்கு அடக்கம் போதாது.
மற்ற வண்டிகள் வயிற்றுக்குள் ஒளிப்பதை
இது இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்,
நெருக்கடியான பந்தியில்
முழங்கை அகட்டி உண்பவன் மாதிரி.
அலுமினியச் செதில்களின் இடுக்கில்
போன கோடையின் தும்பி,
இறகு மட்டும்.
"வால்வு இடைவெளி பார்ப்பது யார்?"
நீவெஸ் கையைத் தூக்கினாள்,
வகுப்பில் தூக்குவதுபோல.

இருக்கை கறுப்பும் வெள்ளையும்.
வரவேற்பறை சோபாவை யாரோ
சாலைக்கு இழுத்துவந்து சக்கரம் பூட்டியதுபோல்
அத்தனை அகலம்.
கால் நீட்டப் பலகை,
கியருக்கு விரலால் ஒரு தட்டு, குதிகாலால் ஒரு தட்டு.
தேய்மானம் எப்படி என்று கேட்கிறது படிவம்.
முன்னால் ஒரு பள்ளம்,
பின்னால் அதைவிட ஆழமாய் ஒன்று.
'சீரற்றது' என்று எழுதினேன்.

செயின் கிடையாது.
மூடிய குழாய்க்குள் ஒரு தண்டு சுழன்று
பின்சக்கரத்தைத் தள்ளும்.
தொங்காது, அறுந்து விழாது,
வெள்ளைக் கால்சட்டையில் எண்ணெய் தெளிக்காது.
"அதனால்தான் வாங்கினோம்" என்றார்கள்
இருவரும் ஒரே மூச்சில்.
பிறகு அந்த 'னோம்'
கொஞ்ச நேரம் கொட்டகையில் நின்றது.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
காலால் மிதித்தால் பின்சக்கரம் பிடிக்கும்,
கூடவே முன்னிரு தட்டுகளில் ஒன்றும்.
பயத்தில் கால் மட்டும் வேலை செய்பவனைக்
கணக்கில் வைத்து எவனோ யோசித்திருக்கிறான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சாவியைத் திருகினேன்.
ஆணியில் தொங்கிய வலை நடுங்கியது.
ஈயப் பெட்டியில் தூண்டில் முட்கள் கலகலத்தன.
கைப்பிடியை ஒருமுறை முறுக்கினேன்.

முறுக்கினால் வலப்பக்கம் சாயும் இந்த வண்டி.
பழுதல்ல.
உள்ளே சுழலும் கனம் நீளவாட்டில் கிடக்கிறது,
அது திமிறும்போது முழு உடம்பும் திரும்பும்.
முதல்தடவை பார்ப்பவர்கள் அலறுவார்கள்.

வலப்பக்கம் நின்றிருந்த நீவெஸ்
பேச்சை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல்
இரண்டு விரலை நீட்டி
கைப்பிடி முனையில் வைத்தாள்.
அப்பால், சுவரோரம்,
வண்டியைத் தொடாமல், வெறுந்தரையில் நின்ற டூலியோ
இடப்பக்கமாக ஒரு சாண் சாய்ந்தார்.

அணைத்தேன்.
சூடு ஆறும் எஞ்சின் டிக் டிக்கென்றது.
அடுத்தவர் கடிதத்தை உரக்கப் படித்துவிட்டவன்போல்
எனக்குக் கூச்சமாக இருந்தது.

வண்டி அவளுக்கு,
பாதி விலை அவருக்கு. ஒப்பந்தம் அப்படி.
தொகையை எழுதிக் காட்டினேன்.
"குறைவு" என்றாள்,
கொடுக்க வேண்டியவள்.
"அதிகம்" என்றார்,
வாங்க வேண்டியவர்.
"உனக்கு ஒன்றும் தெரியாது."
"உங்களுக்கு எப்போது தெரிந்திருக்கிறது?"
குரல் ஏற ஏற
ஏரியில் வரென்னா படகு ஊதிவிட்டுப் போனது.

பதினெட்டு வருடமாக இந்த வேலை.
சண்டையை எப்போதும்
மறுபக்கத்திலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.
பேனாவை மூடி, திறந்து, மூடினேன்.
அடித்து எழுதலாம்தான்.
கையில் ஒரே படிவம்தான் இருந்தது.